ஒண்டி ஆளுக்கு வீடு இருக்கா?

வீடு பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். எனக்குச் சொந்த வீடு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்கு என் மேல் நம்பிக்கை வரும். பத்து வருடம் திண்டிவனத்தில் வீட்டுத் தரகராக இருந்தேன். இப்போது மூன்று வருடமாக ஓர் அறக்கட்டளையில் வேலை. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் சிலர் சேர்ந்து நடத்துவது. தங்க இடமில்லாமல் தெருவில் நிற்கும் முன்னாள் ராணுவத்தினருக்கு வாடகை வீடு பிடித்து, முன்பணம் கட்டி, ஆறு மாத வாடகையையும் நாங்களே கொடுப்போம். அதற்குள் அந்த ஆள் சொந்தக் காலில் நிற்க வழி பண்ண வேண்டும். ஒருவருக்கு ஒருமுறைதான் உதவி. வீட்டை விட்டுப் போய்விட்டால் மறுபடி வந்து கேட்க முடியாது. வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள்.

வாடகை வீட்டில் காலம் தள்ளும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆணி அடிக்க அனுமதி கேட்டவர்கள் நீங்கள். ஊரிலிருந்து அக்கா வந்து நாலு நாள் தங்கினால், தண்ணீர் மோட்டார் அதிகம் ஓடுகிறதே என்ற பேச்சைக் கேட்டவர்கள். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம். ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த கோதண்டம் என்ற மனிதருக்கு ஒரே ஓர் அறை பிடித்துக் கொடுத்து, அதை அவர் கையைவிட்டுப் போகாமல் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு இது. அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

சாமியே ஆனாலும்

வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரு?" ஒருவர்தான் என்றால் முகம் மாறிவிடும். ஒண்டி ஆளுக்கு வீடு கொடுப்பதில்லை என்பது விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எழுதாத சட்டம். இருபது வயதுக்காரனுக்கு அந்தச் சட்டம் போட்டால் அர்த்தம் உண்டு. அறுபத்தாறு வயதுக்காரருக்கும் அதேதான். கூடவே, "நீ யாரு, அவரு பொண்ணா?" என்று என்னையும் மேலும் கீழும் பார்ப்பார்கள். பொண்ணு இல்லை என்று சொன்னால் அது இன்னும் மோசம்.

கோதண்டத்துக்காக விழுப்புரத்தில் நான் பார்த்த முதல் வீட்டின் சொந்தக்காரர், முன்னாள் ராணுவத்தினர் என்றதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எல்லையில் பனியில் நிற்பவர்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எனக்கு மோர் கொடுத்தார். குரல் தழுதழுக்க வேறு செய்தது. காரியம் முடிந்தது என்று நினைத்துச் சாவியைக் கேட்டேன். மோர் டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "மிலிட்டரிக்காரருன்னா எனக்கு சாமி மாதிரிம்மா. ஆனா ஒண்டி ஆளா வந்தா சாமியே ஆனாலும் வீடு குடுக்கறதில்ல."

நெய்வேலி பஸ் நிற்கும் இடம்

கோதண்டத்தை நாங்கள் கண்டுபிடித்தது விழுப்புரம் பஸ் நிலையத்தில். அங்கே டீக்கடை வைத்திருப்பவர் போன் செய்து, மூன்று மாதமாக ஒரு பெரியவர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார், ராணுவத்தில் இருந்தவராம், வந்து பாருங்கள் என்றார். சுபேதார் சாரும் நானும் போனோம். சுபேதார் சார்தான் எங்கள் அறக்கட்டளையின் பொறுப்பாளர். அதிகம் பேச மாட்டார். பேசினால் நான் வாயை மூடிக்கொள்வேன். அது எனக்குச் சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

நெய்வேலி பஸ் நிற்கும் இடத்தில், இரும்பு டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கோதண்டம். சட்டை அழுக்கில்லை. தாடி மழித்திருந்தது. சுபேதார் சார் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றவர் கடைசிவரை உட்காரவில்லை. பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பதினோரு வருடம் பட்டாளத்தில் இருந்திருக்கிறார். மனைவிக்கு உடம்பு முடியாமல் போகவே, தானே கேட்டு வெளியே வந்துவிட்டார். பதினைந்து வருடம் முடிக்காததால் பென்ஷன் கிடையாது. இரண்டு வருடத்தில் அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாட்ச்மேன் வேலை. ரைஸ் மில், கல்யாண மண்டபம், கடைசியாக ஒரு குடோன். எங்கே காவலோ அங்கேயே கேட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில். குடோனை விற்றார்கள், வேலையோடு கட்டிலும் போனது.

உங்களுக்கு ஒரு வீடு பார்த்துத் தருகிறோம் என்று நான் சொன்னேன். இந்த வார்த்தையைக் கேட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், காலில் விழ வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சங்கடமாகத் தலையை ஆட்டினார். "வீடெல்லாம் வாணாம் மேடம். டூட்டி எதுனா இருந்தா குடுங்க. டூட்டி இருந்தா படுக்க எடம் தானா வந்துடும்."

எட்டு கேள்விக்கு எட்டு பதில்

திண்டிவனத்தில் பத்மாவதி அம்மாவை எனக்குத் தரகு வேலை பார்த்த காலத்திலிருந்து தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்திலேயே இருக்கும் நயினார் குடும்பம், சமணர்கள். பின்கட்டில் தனி வாசலோடு ஓர் அறை, சமையலுக்கு ஒரு மேடை. நிபந்தனைகளும் எனக்கு மனப்பாடம்: கறி கூடாது, முட்டை கூடாது, குடி கூடாது, சத்தம் கூடாது. கோதண்டத்தை அழைத்துப் போவதற்கு முன்னால், அந்த அம்மா கேட்கக்கூடிய எட்டு கேள்விகளையும் அதற்கு எட்டு பதில்களையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்று கேட்டால், "சொந்தக்காரங்க வூட்ல" என்று சொல்ல வேண்டும். அது ஐந்தாவது பதில்.

பத்மாவதி அம்மாவின் முதல் நாலு கேள்விக்கும் நான் சொல்லிக் கொடுத்தபடியே பதில் சொன்னார். ஐந்தாவது கேள்வி வந்தது. "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுலம்மா. நெய்வேலி பஸ் நிக்கிற எடம்" என்று தெளிவாகச் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. பத்மாவதி அம்மா, நாளைக்குச் சொல்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். இந்த மனிதருக்கு ஜென்மத்திலும் வீடு கிடைக்காது என்று நான் சுபேதார் சாரிடம் பொரிந்து தள்ளினேன். மறுநாள் அந்த அம்மாவே போன் செய்தார். "இந்த ரூமுக்கு எத்தினியோ பேரு வந்து பாத்துட்டாங்க மல்லிகா. எல்லாருக்கும் ஊர்ல மாடி வீடு இருக்குதாம். உள்ளத உள்ளபடி சொன்னவரு இவரு ஒருத்தருதான். கூட்டிக்கினு வா."

பால் பொங்கிய பிறகு

வாடகை வீடானாலும் பால் காய்ச்சாமல் குடிபோவது எனக்குப் பிடிக்காது. ஒரு பால் பாக்கெட், ஒரு சின்னப் பாத்திரம், அடுப்பு எல்லாம் நானே கொண்டுபோனேன். சுபேதார் சார் ஒரு கட்டில் அனுப்பியிருந்தார். நான் தட்டச்சு செய்த ஒதுக்கீட்டுக் கடிதத்தை முத்திரையோடு கோதண்டத்திடம் கொடுத்தேன். அவர் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தார். மடித்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் வைத்தார். அவர் இவ்வளவு மரியாதையாகப் படித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பால் பொங்கி வழிந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் அடுப்பை அணைத்து, வழிந்த பாலைத் துடைத்து, துடைத்த துணியை அலசிப் பிழிந்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "பால் பொங்கிடுச்சு மேடம். இப்ப நானு யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும்?"

ஆள் இருக்கிற அடையாளம்

ஒரு மாதம் போயிருக்கும். பத்மாவதி அம்மா போனில் கூப்பிட்டு, உன் ஆள் அந்த அறையில் இருப்பதாகவே தெரியவில்லை என்றார். பதறிக்கொண்டு போனேன். கோதண்டம் உள்ளேதான் இருந்தார். ஆனால் அந்த அம்மா சொன்னதிலும் பொய்யில்லை. தரையில் ஒரு தூசு இல்லை. போர்வை, தட்டு, டம்ளர், சோப்பு, எல்லாம் பெட்டிக்குள். பெட்டி கதவோரம், பூட்டியபடி. கட்டிலை உபயோகிக்கவில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே படுக்கிறாராம். நான் கொடுத்திருந்த காலண்டரை, ஆணி அடித்தால் சுவரில் ஓட்டை விழும் என்று திருப்பிக் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்து சாமான்களை வெளியே வையுங்கள், இது உங்கள் வீடு என்று அதட்டினேன். "யெஸ் மேடம்" என்றார். நான் போன அடுத்த நிமிடம் எல்லாம் உள்ளே போய்விடும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. வெளியே வந்தபோது பத்மாவதி அம்மா வாசலில் நின்றிருந்தார். "குடித்தனம்னா கொடியில ஒரு துண்டாவது தொங்கணும். இவரு ரூம பாத்தா இன்னிக்கே கெளம்பிப் போறவரு மாதிரி இருக்குது. எனக்கு பேஜாரா இருக்குது மல்லிகா."

ஒரு நாள் அனுமதி

அமாவாசைக்கு மேல்மலையனூர் போக வேண்டும் என்று கோதண்டம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். போக வேண்டியதுதானே என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விடுப்பு விண்ணப்பம்! அங்காளம்மன் கோயிலுக்குப் போக ஒரு நாள் அனுமதி வேண்டும், மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று குண்டு குண்டு எழுத்தில் எழுதி, கீழே படை எண்ணோடு கையெழுத்து. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயா, நீங்கள் குடித்தனக்காரர், கைதி இல்லை என்று கிண்டல் செய்தேன்.

சுபேதார் சார் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கினார். "அனுமதிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோதண்டம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார். நீங்களுமா சார், அவர் எங்கே போனால் நமக்கென்ன என்று கேட்டேன். "சிரிக்காத மல்லிகா. குடோன வுட்டாரு, மண்டபத்த வுட்டாரு, எதுக்கும் திரும்பிப் போனதில்ல. மொத தடவையா ஒரு எடத்துக்குத் திரும்பி வர்றேன்னு எழுதிக் குடுத்துருக்காரு" என்றார் சுபேதார் சார்.

கையெழுத்து

இடையில் நல்ல காரியங்களும் நடந்தன. இ-சேவை மையத்தில் ஆதாரில் முகவரி மாற்றினோம். பழைய அட்டையில் இருந்தது அவர் அண்ணன் வீடு; அது இருந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். புது முகவரி வந்ததால், பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்குத் தரும் உதவித்தொகைக்கு மனுப் போட முடிந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் ஒரு மண்டியில் பகல் நேரக் காவல் வேலையும் கிடைத்தது. இந்த முறை மண்டியில் கட்டில் கேட்காதீர்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

உதவித்தொகை அனுமதிக்கப்பட்ட கடிதம் ஸ்பீட் போஸ்டில் வந்தது. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பெயருக்குத் தபால் வந்து எத்தனை வருடமோ. உறையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அந்த முகவரியை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கதவு எண்ணை நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தபால்காரருக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. "ஐயா, வீடு உங்குளுதுதான், பேரு உங்குளுதுதான். ஜல்தி கையெழுத்து போடுங்க, எனக்கு இன்னும் மூணு தெரு பாக்கி இருக்குது."

ஒப்படைப்புப் பட்டியல்

ஆறாவது மாதம் முடிந்தது. இனிமேல் வாடகையை அவரே கட்டிவிடலாம். மண்டிச் சம்பளமும் உதவித்தொகையும் போதும். பத்மாவதி அம்மாவுக்கும் சம்மதம். இதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாள் காலை உற்சாகமாகப் போனேன். பின்கட்டு அறை திறந்து கிடந்தது. உள்ளே கட்டில் மட்டும் இருந்தது. சுவர் ஓரங்களில் ஈரம் காயவில்லை, கழுவி விட்டிருந்தார். ஜன்னல் மேடையில் இரண்டு சாவியும் ஒரு தாளும். மின்விசிறி ஒன்று, டியூப் லைட் ஒன்று, குழாய் இரண்டு, தாழ்ப்பாள் மூன்று, கட்டில் ஒன்று, எல்லாம் நல்ல நிலையில் ஒப்படைக்கப்படுகிறது என்று எழுதி, "ஒப்படைப்பவர்" என்ற இடத்தில் அவர் கையெழுத்து. "பெற்றுக்கொண்டவர்" என்ற இடம் காலி.

விடிந்ததும் அந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். பத்மாவதி அம்மா அதிர்ந்துபோய், இருங்கள், மல்லிகாவைக் கேட்கிறேன் என்று போனை எடுக்க உள்ளே போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் தட்டச்சு செய்த கடிதம்! "மேற்படி வீடு தங்களுக்கு ஆறு மாத காலத்துக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது." ஆறு மாதத்துக்கு மட்டும் என்பது எங்கள் பணத்துக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் வரிக்கு வரி படிக்கிறவர் என்று தெரிந்திருந்தும் ஆபீஸ் தோரணையில் எழுதித் தொலைத்திருக்கிறேன். ஒரு மனிதரைத் தெருவிலிருந்து கூட்டிவந்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு மறுபடி தெருவுக்கு அனுப்பியது நான்தான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பத்மாவதி அம்மா சமாதானம் சொல்லவில்லை. "காலி பண்ணச் சொன்னாலும் போவாதவங்களத்தான் நானு பாத்துருக்கேன். சொல்லாமியே கழுவித் தொடச்சி வச்சிட்டுப் போறவர இன்னிக்குத்தான் பாக்கறேன். இன்னாத்தடி எழுதிக் குடுத்த நீ?"

மறுபடியும் அதே பெஞ்சு

சுபேதார் சார் தன் பழைய காரை எடுத்தார். நானும் வர்றேன் என்று பத்மாவதி அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். அந்த ஒப்படைப்புத் தாள் அவர் கையில் இருந்தது. முதலில் திண்டிவனம் பஸ் நிலையம், பிறகு ரயில் நிலையம், பிறகு மண்டி. மண்டியில் அன்றைக்கு வரவில்லை என்றார்கள். விழுப்புரம் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. நெய்வேலி பஸ் நிற்கும் இடத்தில், அதே பெஞ்சில், பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தில் நான் செய்த தப்பைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். உங்கள் மேல் தப்பில்லை, ஆர்டரில் ஆறு மாதம் இருந்தது, அதற்கு மேல் ஒரு நாள் இருந்தாலும் அது ஆக்கிரமிப்பு என்றார். இல்லை ஐயா, வாருங்கள், நீங்கள் வராவிட்டால் மறுபடி எங்களால் உதவி செய்ய முடியாது, விதி அப்படி என்று கெஞ்சினேன். அவர் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதுவரை அவர் மனசைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. "எல்லா எடத்துலயும் கடைசில போவத்தான் சொல்லுவாங்க மேடம். சொல்லிட்டா மனசு தாங்காது. அதுக்கோசரம் அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நானே கெளம்பிடுவேன். முப்பது வருசமா அப்படித்தான் தப்பிச்சிக்கினு வர்றேன்."

காலியாக இருந்த இடம்

பத்மாவதி அம்மா முன்னால் வந்து தாளை அவர் மடியில் வைத்தார். இதில் என் கையெழுத்து எங்கே என்று கேட்டார். கோதண்டம் தாளைப் பார்த்தார். நிமிர்ந்து சுபேதார் சாரைப் பார்த்தார். சுபேதார் சார் ஒரு வார்த்தை சொன்னார்: "வாங்கிக்கறவங்க கையெழுத்து போடாம எடத்த வுட்டு நகரலாமா நாயக்?"

கோதண்டம் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளிறியது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் செய்யாத குற்றத்தைச் செய்துவிட்டவர் மாதிரி உதடு துடித்தது. தப்பாயிடுச்சும்மா, இப்ப போடுங்க என்று பேனாவை எடுத்து நீட்டினார். பத்மாவதி அம்மா பேனாவை வாங்கவில்லை. "போட மாட்டேன்" என்றார். "இன்னிக்கும் போட மாட்டேன், நாளைக்கும் போட மாட்டேன். நீங்க போங்கன்னு நானு சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் நின்றபடியே அழுதார். சத்தமில்லாமல், கையைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்தபடியே. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. நாங்கள் மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்தோம். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. சமணர் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார்கள். காலையிலிருந்து அந்த அம்மா வாயில் ஒன்றும் படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரோ அதைச் சொல்லியே வேலையை முடித்தார். "பொழுது சாஞ்சா நானு பட்டினி. தூக்குங்க பெட்டிய."

பதினோரு மாதம்

அடுத்த வாரம் வாடகை ஒப்பந்தம் எழுதப் பத்திர எழுத்தரிடம் போனோம். இந்த முறை எங்கள் அறக்கட்டளையின் பெயர் அதில் கிடையாது. வீட்டுக்காரர் பத்மாவதி, குடித்தனக்காரர் கோதண்டம், அவ்வளவுதான். நான் சும்மா துணைக்கு. இந்த முறை ஒரு சொல்லும் எழுதுவதில்லை என்று என் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தர் வழக்கம்போலத் தட்டச்சு செய்து வாசித்தார். "மேற்படி வீட்டைப் பதினோரு மாத காலத்துக்கு..." மறுபடியும் ஒரு மாதக் கணக்கு! ஊர் முழுக்க வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் எழுதுவார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். கோதண்டத்துக்கு எப்படித் தெரியும்? அவர் அந்த வரியில் விரலை வைத்தார். எழுத்தரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை. முதல்முறையாக, போகச் சொல்லக்கூடிய ஆளின் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "பதினோரு மாசம் முடிஞ்சா இன்னாம்மா பண்றது?"

பத்மாவதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பதினொண்ணு முடிஞ்சா பன்னெண்டாவது மாசம் வரும். அது கூடவா பட்டாளத்துல சொல்லித் தரல? போடுங்க கையெழுத்த."

ஆக, வாடகை வீட்டு உறவுகளே, ஓர் ஆளுக்கு ஆறு மாத வாடகை கட்ட ஓர் அறக்கட்டளையும் ஒரு முத்திரையும் போதும்; "இருங்கள்" என்று சொல்லத்தான் வீட்டுக்கார அம்மா ஒருவர் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.